பேசிக்கிட்டே வாங்க

விளக்கை அணைக்கச் சொல்வதற்கு முன்னால் அவர் கைப்பையை என்னிடம் கொடுத்துவிடுவார். சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வார். செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைப்பார். பிறகு மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்கும் எங்கள் கல்யாண மண்டபத்து மேனேஜரைப் பார்த்துத் தலையசைப்பார். மண்டபம் இருண்டதும் அவர் குரல் கொஞ்சம் மெலிந்து வரும்.

"அண்ணாச்சி, பின்னாலயே வாங்க. பேசிக்கிட்டே வாங்க."

அவர் மின் ஆய்வு அதிகாரி. ஊரில் எல்லோரும் அவரை அம்மா என்றுதான் சொல்வோம். சினிமாக் கொட்டகை, லாட்ஜ், கல்யாண மண்டபம், வாடகைக்கு விடுகிற மாடிக் கட்டடம் இவற்றுக்கெல்லாம் லைசென்ஸ் புதுப்பிக்க அவருடைய சான்றிதழ் வேண்டும். திடீரென்று கரண்டு போனால் உள்ளே இருப்பவர்கள் வழி தெரிந்து வெளியேறும்படி பேட்டரி விளக்குகள் எரிகின்றனவா என்று அவர் பார்க்க வேண்டும். பொழுது சாய்ந்த பிறகுதான் வருவார். சன்னல்களையெல்லாம் சாத்தச் சொல்வார். இந்த வேலையைச் செய்தவருக்கு இருட்டென்றால் பயம்.

சாதாரணப் பயம் இல்லை. மெயினை அணைத்ததும் அவர் மூச்சு மாறுவது எனக்குக் கேட்கும். கை சில்லிட்டுப் போகும். பையைத் திருப்பிக் கொடுக்கும்போது விரல் பட்டால் தெரியும். கூட வரும் உதவியாளர் ஒருவர் மீட்டரை வைத்து வெளிச்சத்தை அளந்து குறித்துக்கொள்வார். ஆனால் பாஸா இல்லையா என்பதை முடிவு செய்தது அம்மாவின் பயம்தான். மேடையிலிருந்து வாசல்வரை, பந்தியிலிருந்து மாடிப்படிவரை, விளக்குகளை நம்பி நடப்பார். வழியில் எங்காவது பயம் வந்துவிட்டால் அங்கேயே நின்றுவிடுவார். எல்லாக் கதவுகளுக்கு மேலும் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை எரிய வேண்டும். அதன் கீழ் வந்ததும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாய்விட்டு வாசிப்பார்: "வெளியே." அதற்குப் பிறகுதான் மூச்சு சீராகும்.

ஜங்ஷன் பக்கத்தில் ஒரு சினிமாக் கொட்டகை. பெண்கள் பகுதியின் படியில் நின்றுகொண்டு, "அடிவயிறு கூசுது. இது பாஸ் இல்ல" என்று சொல்லிவிட்டார். கொட்டகை மேனேஜர் உதவியாளரின் மீட்டரைக் காட்டிச் சண்டைக்கு வந்தார்.

"மீட்டர்ல சரியாத்தானம்மா காட்டுது?"

"மீட்டருக்குப் பிள்ளகுட்டி இல்ல அண்ணாச்சி. இடுப்புல பிள்ளய வச்சிக்கிட்டு எறங்குதவளுக்குக் கீழ்ப்படி தெரியாது. விளக்க ஒரு முழம் எறக்குங்க."

இறக்கினார்கள். மறுபடி நடந்தார். பயம் வரவில்லை. பாஸ்.

எலக்ட்ரீசியன்கள் அவருக்குக் 'கண்ணாமூச்சி அம்மா' என்று பேர் வைத்திருந்தார்கள். "ஏலே, நாளைக்குக் கண்ணாமூச்சி அம்மா வருது. பேட்டரிக்குத் தண்ணி ஊத்தியாச்சாலே?" என்று எங்கள் மண்டபத்திலேயே கேட்டிருக்கிறேன். அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. "கண்ணாமூச்சின்னா கண்ணக் கெட்டணும்லா. நான் தொறந்துக்கிட்டுல்லா நடக்கேன்" என்றார். அவ்வளவுதான் கோபம்.

நான் ஒருமுறை கேட்டேன். "இவ்வளவு பயத்த வச்சிக்கிட்டு எதுக்கு மேடம் இந்த வேலைக்கு வந்திய?"

"பயமில்லாதவன அனுப்பிப் பாருங்க. இருட்டுல கையத் துழாவிக்கிட்டே வெளிய போயிருவான். எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்துருவான்."

"அதான் எல்லாரும் ஜெனரேட்டர் வச்சிருக்கமே?"

"ஜெனரேட்டர் வாரதுக்குள்ள ஒரு மூச்சு நேரம் இருக்குல்லா அண்ணாச்சி. அந்த ஒரு மூச்சுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். எல்லோரும் என்னை சார் என்பார்கள். அவர் மட்டும் அண்ணாச்சி என்பார். கலெக்டர் வந்தாலும் அவருக்கு அண்ணாச்சிதான். வண்ணார்பேட்டையில் அப்பா கட்டிய கல்யாண மண்டபம் என் பொறுப்பில் இருந்தது. அதற்குப் பின்கட்டு மாதிரி ஒட்டிய வீட்டில் நாங்கள் குடியிருந்தோம்.

'பேசிக்கிட்டே வாங்க' என்பதுதான் அவருடைய வேலைமுறை. இருட்டில் பின்னாலிருந்து ஒரு மனிதக் குரல் கேட்டுக்கொண்டிருந்தால் அவரால் அடியெடுத்து வைக்க முடியும். குரல் நின்றால் காலும் நின்றுவிடும். என்ன பேசுவது என்பது அவரவர் பாடு. ஜங்ஷனில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவருக்குப் பேச எதுவுமே தோன்றாமல், எந்த ரயில் எப்போது வரும் என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே மூன்று மாடியும் இறங்கினாராம். "நல்லா இருக்கு, அதையே சொல்லிக்கிட்டு வாங்க" என்றிருக்கிறார் அம்மா.

ஆனால் இருட்டு ஒரு மாதிரியானது. எதிரே முகம் தெரியாது. முன்னால் போகிறவர் திரும்பியும் பார்க்க மாட்டார். ரயில் நேரம் தீர்ந்த பிறகு வேறு ஏதாவது பேசித்தான் ஆக வேண்டும். டவுணில் ரதவீதியில் பெரிய ஜவுளிக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், ஊரே பயப்படுகிற ஆள். அம்மாவுக்குப் பின்னால் நடக்கும்போது, தனக்கு இந்த வியாபாரம் பிடிக்கவே இல்லை என்றும், சின்ன வயதில் மிருதங்கம் கற்றுக்கொள்ளப் போனதை அப்பா அடித்து நிறுத்திவிட்டார் என்றும் சொல்லியிருக்கிறார். இதை அம்மா யாரிடமும் சொல்லவில்லை. அந்த அண்ணாச்சியே என்னிடம் சொன்னார். "என்னவே, அந்தம்மா கரண்ட ஆஃப் பண்ணுனா நமக்கு வாயி ஆன் ஆயிருது" என்று சிரித்தார்.

எனக்கும் அப்படித்தான் ஆயிற்று.

என் மனைவி இறந்த மறுவருஷம் ஆடியில் அம்மா வந்தார். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் காலியாக இருக்கும் என்பதால் எங்களுக்கு எப்போதும் அந்த மாதம்தான். அவருக்குப் பின்னால் நடந்துகொண்டு, யாரிடமும் பேசாத பேச்சைப் பேசினேன். மண்டபத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் என் மனைவி போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்பாள். அழைப்பு இருக்காது. தாலி கட்டும்போது கையில் கொண்டுபோன அட்சதையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிடுவாள். "யார் பெத்த பிள்ளையா இருந்தா என்ன? ரெண்டு அரிசி போட்டாக் கொறஞ்சா போவோம்?" என்பாள். அவள் போன பிறகு கெட்டிமேளம் கேட்டால் நான் வீட்டுச் சன்னலைச் சாத்திக்கொள்கிறேன். இதைச் சொன்னேன்.

அவர் நின்றார். பயத்தில் நின்றாரா, எனக்காக நின்றாரா என்று தெரியவில்லை. "படி வருது அண்ணாச்சி, பைய வாங்க" என்றார். அந்த இடத்தில் படி இல்லை. நாலு எட்டு தள்ளித்தான் இருந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொள்ள நேரம் கொடுத்திருக்கிறார்.

பாளையங்கோட்டையில் அவர் தன் அக்காவோடு குடியிருந்தார். அக்கா ஆஸ்பத்திரி நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு இரண்டு பேரும் ஒரே குடையில் வருவதைப் பார்த்திருக்கிறேன். வழியில் நிறுத்திப் பேசினால் அக்கா தங்கையைப் பற்றிக் குறை சொல்வார். "ஊருக்கெல்லாம் விளக்கு எரியுதான்னு பாக்கா. வீட்ல நான் வாசல்ல நின்னு பாடிக்கிட்டிருந்தாத்தான் பொறவாசலுக்கே போவா. எனக்குத் தொண்ட போனதே இவளாலதான்." அம்மா சிரித்துக்கொண்டு குடையை அக்கா பக்கம் சாய்ப்பார்.

அடுத்த ஆடியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இவ்வளவு காலம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

மண்டபத்தின் சமையலறைக்குப் பின்னால் ஒரு கதவு. அதைத் திறந்தால் ஆற்றுப் பக்கத்துச் சந்துக்கு இறங்கும் பின்படி. கூட்டத்தில் பாதிப் பேர் அந்த வழியாகத்தான் வெளியேற முடியும். அங்கே ஒரு எமர்ஜென்சி விளக்கு இருந்தது. அதன் பேட்டரி செத்து வெகுகாலமாயிருந்தது. முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. படிகளில் அண்டாவும் விறகும் அடுக்கியிருந்தோம். மேனேஜர் என்னிடம் சொல்லியிருந்தார். பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மண்டபத்தைப் பேசியாயிற்று. அம்மா பாஸ் இல்லை என்று சொல்லிவிட்டால், பின்படியைக் காலி செய்து வயரிங் மாற்றி மறுபடி அவரை அழைத்துச் சான்றிதழ் வாங்குவதற்குள் முகூர்த்தம் போய்விடும். பெண் வீட்டாருக்கு வேறு மண்டபம் கிடைக்காது. இதையெல்லாம் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குச் சோம்பல். அதோடு, எங்கள் மண்டபம் பாஸ் இல்லை என்று ஊர் பேசுவது எனக்குப் பிடிக்காது.

அம்மா எப்போதும்போல் நடந்தார். மேடை, பந்தி, சமையலறை எல்லாம் சரியாக இருந்தன. பின்கதவுக்கு வந்து "வெளியே" என்று பலகையை வாசித்தார். தாழ்ப்பாளில் கை வைத்தார். கதவுக்கு அந்தப் பக்கம் மூடிய படிக்கட்டு. அவருக்குத் தயக்கம்.

"அந்தப் பக்கம் எரியுதா அண்ணாச்சி?"

"எரியுது மேடம்."

கை தாழ்ப்பாளிலேயே இருந்தது. எரிகிறது என்று சொன்னாலும் அவர் திறந்து பார்க்கிறவர். எனக்கு அது தெரியும். அவரை எது நிறுத்தும் என்பதும் தெரியும். நான் என் மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம். நாளைக்கு மண்டபத்தில் கல்யாணம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. எழுந்து வர முடியாதவளுக்கு ஏக்கம் எதற்கு என்று, இல்லை என்றேன். "பொய் சொல்லாதிய. ஒங்க சட்டையில மாவெல வாசம் அடிக்கு" என்றாள். பிறகு ஆஸ்பத்திரிக் கஞ்சிக்கு வைத்திருந்த அரிசியில் கொஞ்சம் எடுத்து என் கையில் கொடுத்து, எனக்காக நீங்கள் போய்ப் போடுங்கள் என்றாள். நான் போகவில்லை. அந்த அரிசி அந்தச் சட்டைப் பையிலேயே இருந்து, சலவைக்குப் போய்விட்டது.

இதை நான் என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை, செத்துப்போன ஒரு பேட்டரியை மறைக்க அந்தக் கதவடியில் செலவழித்தேன். பேசும்போது என் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. அதுதான் இன்னும் கேவலம்.

அம்மா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். இருட்டில் முதல்முறையாகத் திரும்பி என் பக்கம் வந்தார். என் முழங்கையைப் பிடித்தார். அந்தக் கை சில்லென்று இல்லை. "வாங்க அண்ணாச்சி" என்று என்னை வாசல்வரை அவர்தான் அழைத்துக்கொண்டு போனார். மேனேஜர் மெயினைப் போட்டார். அம்மா கையெழுத்துப் போட்டார்.

ஆவணிக் கல்யாணத்துக்கு அவரும் வந்திருந்தார். பெண்ணின் அம்மா அவரோடு படித்தவராம். மாலை வரவேற்பு. பந்தி நடந்துகொண்டிருக்கும்போது கரண்டு போயிற்று. எமர்ஜென்சி விளக்குகள் எரிந்தன. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. நான் கீழே போய் ஆட்களைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். பின்படி என் நினைவுக்கு வரவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும். நினைவுக்கே வரவில்லை.

கரண்டு வந்ததும் மேனேஜர் ஓடிவந்து கூப்பிட்டார். பின்கதவு திறந்திருந்தது. அம்மா அதற்கு அந்தப் பக்கம், படியின் தலைமாட்டில், கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வழியை மறித்து நின்றார். பட்டுச் சேலை முதுகில் ஒட்டியிருந்தது. முகம் வெளுத்திருந்தது. கரண்டு வந்தது தெரியாதவர் போல இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"இங்கன வராதிய. படி சரியில்ல. பிள்ளைகளப் பிடிச்சுக்கோங்க. முன்வாசலுக்குப் போங்க. இங்கன வராதிய."

கை கழுவப் போன பெண்கள் அந்தக் கதவைத் திறக்கப் போனார்களாம். அம்மா அவர்களை விலக்கிவிட்டு முன்னால் போய்த் திறந்து பார்த்திருக்கிறார். பிறகு கரண்டு வரும்வரை அங்கேயே நின்றுவிட்டார். முதுகுக்குப் பின்னால் முழு இருட்டு. அவரிடம் பேச யாரும் இல்லாததால் அவரே பேசியிருக்கிறார்.

சமையல்கார அம்மாள் ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு எரிஞ்சுதுல்லா அண்ணாச்சி?"

"எரிஞ்சுது மேடம்."

"தொறந்து பாத்திருக்கணும். நீங்க ஒங்க வீட்டம்மாவப் பத்திச் சொன்னியளா, எனக்குப் பயம் போயிட்டு. பயம் போயிட்டுன்னா எனக்கு ஒண்ணுந் தெரியாது."

மறுநாள் அவரே தன் மேலதிகாரியிடம் போய், ஒரு கதவைத் திறந்து பார்க்காமல் சான்றிதழ் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். நான் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. புரட்டாசியில் அந்த அதிகாரி வந்து பார்த்தார். பேட்டரி முனையில் பூத்திருந்ததை விரலால் சுரண்டிப் பார்த்தார்.

"இது போன மாசம் செத்த பேட்டரி இல்ல சார். மேடம் இந்தக் கதவத் தொறந்தாங்களா?"

"தொறக்கல" என்றேன்.

உண்மைதான். அவர் ஏன் திறக்கவில்லை என்று அந்த அதிகாரி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எங்களுக்குப் பின்படியைச் சரிசெய்யத் தவணை கொடுத்தார்கள். அம்மாவை வெளிவேலையிலிருந்து எடுத்து, வேறு மாவட்டத்தில் ஓர் அலுவலக மேசைக்கு மாற்றினார்கள்.

அவர் ஊரை விட்டுப் போவதற்கு முன்னால், ஐப்பசி மழையில் ஒருநாள் சாயங்காலம் பாளையங்கோட்டைக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வீட்டில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா காப்பி கொடுத்தார். "அங்க போனா மேசையும் நாற்காலியும்தானாம். இனி எனக்குத் தொண்டைக்குக் கொஞ்சம் ஓய்வு" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் உள்ளே போய்விட்டார். பேட்டரி எத்தனை நாள் முன்னால் செத்தது என்பதை அந்த அதிகாரி அம்மாவிடம் சொல்லாமலா இருந்திருப்பார்? அம்மா அதைப் பற்றிக் கேட்கவில்லை. மண்டபத்தில் பின்படியை ஒதுக்கியாயிற்றா என்று மட்டும் கேட்டார். ஒதுக்கியாயிற்று, புது விளக்கு போட்டாயிற்று என்றேன். "நீங்களே நடந்து பாத்தியளா?" என்றார். பார்த்தேன் என்றேன். அது மெய்.

நான் எழுந்தபோது கரண்டு போயிற்று. மழை இருட்டு. அக்கா உள்ளே தீப்பெட்டி தேடும் சத்தம் கேட்டது.

"நில்லுங்க அண்ணாச்சி. வழியில பெட்டி கெடக்கு. நான் முன்னால போறேன்" என்றார் அம்மா.

எனக்கு முன்னால் அவர் நிழலாக நகர்ந்தார். இரண்டு எட்டு வைத்ததும் நின்றார். அவருடைய மூச்சு மாறியது கேட்டது.

"பேசிக்கிட்டே வாங்க."

கூடத்திலிருந்து தெருக்கதவு வரை நீளமான ரேழி. எதிரே முகம் தெரியவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவும் மாட்டார். இதைவிட வசதியாக ஒரு மனிதனுக்கு யாரும் வாய்ப்புக் கொடுக்க முடியாது. நான் ஆற்றில் வெள்ளம் வருவதைப் பற்றிப் பேசினேன். குறுக்குத்துறையில் தண்ணீர் கோயிலைத் தொட்டுவிட்டது என்றேன். டவுண் பஸ் எல்லாம் சுற்றிப் போகின்றன என்றேன். பாதி ரேழியில் அவர் நடையைக் குறைத்தார். "பைய வாங்க" என்றார். அங்கே படி எதுவும் இல்லை. நான் கொஞ்சம் நின்றேன். அவரும் நின்றார். அடுத்த வாரம் மழை குறையும் என்கிறார்கள் என்றேன்.

"குறையட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தெருக்கதவைத் திறந்து ஒதுங்கி எனக்கு வழி விட்டார். அது வீடு. கதவுக்கு மேலே பலகை எதுவும் கிடையாது. இருந்தாலும் அண்ணாந்து பார்த்து, எப்போதும்போல வாய்விட்டு வாசித்தார்.

"வெளியே."